இருபத்திரண்டு செங்கமலங்கள்

கலை மனிதரை உயர்த்தும். சந்தேகப்படுகிறவர்கள் நெய்வேலிக்கு வந்து எங்கள் ஆபீஸ் சுவரைப் பார்க்கலாம். தரையிலிருந்து சரியாக ஆறடி உயர்த்தி வைத்திருக்கிறோம்.

உயர்த்தப்பட்டது, மனித உருவங்களை உள்ளது உள்ளபடி தீட்டும் ஓவியர் கண்ணையனின் 'உழைப்பு'. ஒரு பெண்; தலையில் பழுப்பு நிலக்கரிக் கூடை, தூக்கிச் செருகிய சேலை, கழுத்தில் புடைத்த நரம்பு. செக்‌ஷனுக்கு ஒன்றாக இருபத்திரண்டு அச்சுப் பிரதிகள் வந்து இறங்கின. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். அந்தப் படிப்பின் பயனாக, 'ஊழியர்கள் தினமும் ஒரு நிமிடம் ரசிக்க வேண்டியது' என்ற சுற்றறிக்கையை டைப் அடித்தேன்.

கலை ரசனைக் குழுத் தலைவர் சிங்காரவேலு சார் படத்தின் முன் நின்று கண் கலங்குவார். கலங்கி முடித்ததும், கீழே பெருக்கிக்கொண்டிருக்கும் செங்கமலம் அக்காவை மறைக்காமல் தள்ளிப் போகச் சொல்வார்.

செங்கமலம் அக்கா முன்பு யார்டில் கரி சுமந்தவர். இப்போது எங்கள் ஆபீஸில் கரித்தூள் பெருக்குகிறவர். அன்றும் கான்ட்ராக்ட், இன்றும் கான்ட்ராக்ட். பத்து வருஷம் உழைத்ததற்குச் சான்று கொடுத்தால் பெர்மனென்ட் என்று எண்பத்து மூன்றில் அறிவிப்பு வந்தது. அக்காவை வேலை வாங்கிய கான்ட்ராக்டர்கள் மூன்று பேர். மூவர் ஏட்டிலும் அக்கா இன்னும் பிறக்கவே இல்லை.

ஒருநாள் விளக்குமாற்றால் படத்தைக் காட்டினார்.

"இது நாந்தாம்மா. அந்த ஆளு குடை புடிச்சிகினு ஒக்காந்து வரைஞ்சாரு. கூடையை எறக்காதேன்னுட்டாரு. கழுத்தே ஒடிஞ்சி போச்சி."

படத்தின் மூலையில் கையெழுத்து: 'கண்ணையன், நெய்வேலி, 1972'. இதைவிட என்ன சான்று வேண்டும்? மனு எழுதிக் கொடுத்தேன்.

குழு கூடியது. பண்ருட்டி முந்திரி வறுத்து வந்தது. அக்காவைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கரிக்கூடை அகப்படாததால் தலையில் ஆபீஸ் குப்பைக்கூடையை வைத்தார்கள். சிங்காரவேலு சார் ஸ்கேலால் இரண்டு கழுத்துகளையும் அளந்தார்.

"பல்லைக் காட்டும்மா."

"படத்துல வாயை மூடிகினு இருக்கேனே சார்."

சார் இதைக் குறித்துக்கொண்டார். "படத்துல இருக்கிற அம்மாவுக்குத் தோள் திரண்டு இருக்கு. உனக்கு எங்க?"

"பதினோரு வருசம் ஆச்சுங்க. தேஞ்சி போச்சி."

"தேய்மானம் மெஷினுக்குத்தான்மா. ஆளுக்கு ரூல் இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. அது அவர்தான் என்றேன். அக்காவின் இடது புருவத்துத் தழும்பு படத்திலும் இருப்பதைக் காட்டினேன்.

சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "விஜயகுமாரி, இவரு உள்ளது உள்ளபடி வரையற ஓவியர். படம் தப்பா இருக்க முடியாது. இந்தம்மாதான் படம் மாதிரி இல்ல."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'படமே அசல். மனுதாரர் அதன் மங்கிய நகல்.' ஆள்மாறாட்ட முயற்சிக்காகத் திங்கட்கிழமை முதல் நகல் வேலைக்கு வர வேண்டாம். அசல் வெறும் நூல் கயிற்றில் தொங்குவது மரியாதையல்ல. இருபத்திரண்டையும் சுவரில் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். எல்லாவற்றையும் டைப் அடித்தது நான்தான். ஒரு பிழை இல்லை.

மறுநாளே ஆணி அடித்தாயிற்று. கான்ட்ராக்ட்காரர்களை நாங்கள் கவனிப்பதில்லை என்று இனி எவரும் வாய் கூசாமல் சொல்ல முடியாது. ஒரே நாளில் இருபத்திரண்டு செங்கமலங்களைப் பெர்மனென்ட் ஆக்கிய ஆபீஸ் எங்களுடையது. வாயைத் திறந்த ஒருத்தியைத்தான் விட்டுவிட்டோம்.