முழுசாக எதையும் வாங்காத ஸ்பேரண்ணன்

எங்கள் ஏரிக்கரை உடைந்து, புத்தூர் பஸ் இருபது நாள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனதே, அதே வருஷம் நடந்தது இது. வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். ஏரி உடைந்தது ஐப்பசியில், ஸ்பேரண்ணன் என் மகளுக்குக் கம்ப்யூட்டர் கட்டினது கார்த்திகையில். கட்டினார் என்றால் வீடு கட்டுகிற மாதிரி. செங்கல் செங்கலாக.

சித்தூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும், கடைக்குப் போய் ஒரு பொருளை முழுசாக வாங்காமலே அறுபது வயதைத் தொட்ட மனிதர் அவர் ஒருத்தர்தான் இருப்பார். ரேணிகுண்டாவில் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் பிட்டர். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. எதையும் ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரி உதிரியாகவே வாங்குவதால் ஊருக்கு அவர் ஸ்பேரண்ணன்.

அவர் சைக்கிளுக்கு பிரேம் ஏகாம்பரகுப்பத்தில் வாங்கினது. முன் சக்கரம் நகரியில். பின் சக்கரம் ஒரு பால்காரரிடம். மணி ஒரு ஐஸ் வண்டியில் இருந்து கழற்றினது. அதனால் அவர் மணி அடித்தால் வழி விட வேண்டிய பிள்ளைகள் டம்ளரை எடுத்துக்கொண்டு குறுக்கே ஓடிவரும். டிபன் விஷயமும் அப்படித்தான். ஒரு கடையில் இட்லி பார்சல் வாங்குவார். எதிர்க்கடையில் சட்னி நன்றாக இருக்கும் என்று அங்கே போய் ஒரு காப்பி மட்டும் சொல்லி, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சட்னி கேட்பார். காய்ச்சல் வந்தால் சீட்டு ஒரு டாக்டரிடம், ஊசி இன்னொரு டாக்டரிடம்.

"ஒரே ஆளு கையில முழுசா மாட்டினா நம்மள முடிச்சிடுவான் நைனா. பிரிச்சி வாங்கணும். அப்பதான் பயந்துகினு குடுப்பான்" என்பார்.

இந்த மனிதரிடம் போய் நான் யோசனை கேட்டேன் பாருங்கள், அதுதான் கதை.

என் மகள் சரளா இண்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்துவிட்டு, புத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்றும் அடிப்பாள். அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கடையில் கொடுக்கிற சம்பளம் பஸ்ஸுக்கும் பூவுக்கும் சரியாகப் போயிற்று. எங்கள் தெருவில் நாலு பெண்கள் மெட்ராஸ் பக்கம் துணி தைக்கிற கம்பெனிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கியிருந்தார்கள். சரளாவும் அங்கே பெயர் கொடுத்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

அந்த நேரத்தில் ஒரு பிரைவேட் ஸ்கூல் ஹெட்மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். அரைப் பரீட்சைக்கு எல்லா வகுப்புக்கும் கேள்வித்தாள் அடிக்க வேண்டும். கேள்வி வெளியே போய்விடக் கூடாது, அதனால் கடையில் வைத்து அடிக்கக் கூடாது. சொந்த மிஷின் வைத்து வீட்டிலேயே அடித்து, வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் பிளாப்பியில் போட்டுக் கொடுத்தால், வருஷம் பூராவும் வேலை அவளுக்கே. இல்லாவிட்டால் திருப்பதி பிரஸ்ஸுக்குப் போய்விடும்.

சரளா என்னிடம் சுருக்கமாகச் சொன்னாள்: "திங்கக்கெழமெ ஆவலன்னா புதங்கெழமெ மெட்ராஸ் வண்டி ஏறிடுவேன் நைனா. அப்பறம் அழுவக் கூடாது."

என்னிடம் இருந்த எருமை இரண்டையும் விற்றேன். அதில் ஒன்று மகா பொல்லாதது, வாங்கினவரையே முட்டித் தள்ளியது. அது வேறு கதை. பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, சரளாவும் நானும் ஸ்பேரண்ணனும் திருப்பதிக்குப் போனோம்.

கண்ணாடிக் கதவு போட்ட கடை. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே மார்கழி மாதக் குளிர். டை கட்டின பையன் ஒருவன் கம்ப்யூட்டரைக் காட்டி, தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிப் பாடம் ஒப்பித்தான். ஸ்பேரண்ணன் பெட்டியின் மேல் காதை வைத்தார். பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி விரலால் தட்டினார்.

"இத்தத் தொறந்து காட்டு தம்பி."

"ஓப்பன் சேஸ்தே வாரண்டி போத்துந்தி சார்" என்றான் பையன். திறந்தால் வாரண்டி போய்விடுமாம்.

"ஏம்பா, பொண்ணு பாக்க வந்த எடத்துல மூஞ்சிய மூடிகினு இருந்தா கட்டிக்குவியா நீ?"

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சி சார்."

"மூஞ்சியப் பாத்துதானே கட்டினே?"

பையன் டையைச் சரிசெய்துகொண்டான். சரளா என் பக்கம் குனிந்து, "நைனா, இதையே வாங்கிடலாம். ஆட்டோவுல வெச்சி எட்த்துகினு போய்டலாம். நாளைக்கே வேலையப் பாப்பேன்" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் ஸ்பேரண்ணன் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இந்தப் பெட்டியை வாங்கினால் எருமைப் பணம் இதோடு முடிந்தது. உதிரியாக வாங்கிச் சேர்த்தால், அதே பணத்தில் கரண்ட் போனாலும் ஓடுகிற யூபிஎஸ்ஸும் வந்துவிடும். எங்கள் ஊரில் கரண்ட் வருவது எப்போது என்றுதான் கேட்க வேண்டும், போவது எப்போது என்று கேட்க வேண்டியதில்லை. பாதி கேள்வித்தாளில் போய்விட்டால்?

சரளா நகத்தைக் கடித்தாள். "பெரிப்பா, திங்கக்கெழமெக்குள்ள முடியுமா? நெஜமா சொல்லு."

"பத்து நாளு இருக்குது கண்ணு. பத்து நாள்ல நான் லாரியே கட்டிடுவேன்."

சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்து பார்த்தால் ஸ்பேரண்ணன் செருப்புக்குப் பக்கத்தில் நின்று, டை கட்டின பையனிடம் அவன் டை முடிச்சு எப்படிப் போடுவது என்று பிரித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாரிக்கு அவர் நாள் பார்த்ததில்லை. சரளாவின் கம்ப்யூட்டருக்குப் பார்த்தார். பெண் பிள்ளை பிழைக்கப் போகிற பொருளாம். உதிரிப் பாகம் விற்கிற கடைத்தெரு மெட்ராஸில், வண்டி எங்கள் ஸ்டேஷனில் நிற்கும். ஒரே தடவையில் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கிழமை வைத்தார். எழுத்துப் பலகை புதன்கிழமை, படிப்புக்கு உரிய நாள். மதர்போர்டு வியாழக்கிழமை, அது மூளை, குருவுக்கு உரியது. பவர் சப்ளை என்கிற கரண்ட் டப்பாவையும் தனியாக அன்றைக்கே வாங்கினார். பெட்டியோடு சேர்த்துத் தருகிற டப்பா மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. டிவி மாதிரி இருக்கிற மானிட்டர் வெள்ளிக்கிழமை, ஏனென்றால் அது விளக்கு ஏற்றுகிற சமாச்சாரம்.

அந்த வெள்ளிக்கிழமை மானிட்டர் ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து வந்தது. ஸ்பேரண்ணன் நின்றுகொண்டே வந்தார். திருத்தணியில் ஏறின ஒருவர் சண்டைக்கு வந்தாராம்.

"யோவ், அத்த எறக்குய்யா, மனுசன் குந்த வேணாமா?"

"நீ குலுங்கினா ஒண்ணும் ஆவாது. இது குலுங்கினா ஒரு பொண்ணு ஊர விட்டுப் போய்டும். இப்ப சொல்லு, யாரு குந்தணும்?"

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எங்கள் ஸ்டேஷன் வரைக்கும் அவரே மானிட்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டிஸ்க், சிடி டிரைவ், பிளாப்பி டிரைவ், யூபிஎஸ் எல்லாம் இடையிலேயே வந்துவிட்டன. பாக்கி, எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுகிற பெட்டி ஒன்றுதான். சனிக்கிழமை காலை அதை வாங்கக் கிளம்பினவர், அரை மணி நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தார்.

"இன்னா பெரிப்பா, வண்டி போய்டுச்சா?" என்றாள் சரளா.

"வண்டி நின்னுகினுதான் இருந்துது. நான்தான் ஏறல. கண்ணு, இன்னிக்கி இன்னா கெழமெ?"

"சனி."

"பொட்டிய இன்னாத்துல செய்றான்?"

"இரும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஆணிகூட வாங்க மாட்டோம். எல்லாவற்றுக்கும் நாள் பார்த்த மனிதர், கடைசி நாளுக்கு எதை மிச்சம் வைத்தார் பாருங்கள். இரும்பை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பரவாயில்லை, போய் வாங்கி வா என்று சொல்ல எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சரளா உள்ளே போய்ப் பையை எடுத்து, துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

ஸ்பேரண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம், "நைனா, ஆணி அடிக்காத பலகெ எதுனா கீதா உன் வூட்ல?" என்று கேட்டார்.

இருந்தது. நானும் என் மனைவியும் கல்யாணத்தில் உட்கார்ந்த மணை. ஒரே பலாமரப் பலகை. பரண்மேல் இருந்து இறக்கிக் கொடுத்தேன். அதன்மேல் மதர்போர்டை வைத்தார், எடுத்தார், யோசித்தார். பலகையில் ஒட்டி உட்காரக் கூடாதாம், அடியில் காற்று ஓட வேண்டுமாம். சட்டென்று தன் வலது காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, கத்தியால் சுண்டைக்காய் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டினார். துண்டுக்கு ஒரு ஸ்க்ரூ.

"அண்ணா, ஸ்க்ரூ இரும்பாச்சே?" என்றேன்.

"அது போன வருசம் வாங்கினது. கம்முனு இரு."

டப்பாவை ஒரு மூலையில் வைத்தார், டிஸ்க்கை ஒரு மூலையில். ஒயர்கள் இடியாப்பம் மாதிரி வழிந்தன. ஸ்விட்ச் என்பது வராத பெட்டியில் அல்லவா இருக்கிறது? அதற்கும் வழி வைத்திருந்தார். மதர்போர்டில் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் ஓடுமாம். தொட்டார். ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டார். இல்லை. லாரிக்கு அடியில் முப்பது வருஷம் படுத்த கை அது. விடுமா? மெமரி என்கிற சின்னப் பட்டையை உருவி, வாயால் ஊதி, திரும்பச் சொருகினார். மூன்றாம் தடவை தொட்டார்.

'கூ' என்று ஒரு சத்தம். விசிறி சுற்றியது.

"குரல் குடுத்துட்டாடா!" என்று கத்தினார். தெருவில் இருந்தவர்கள் யாருக்கோ குழந்தை பிறந்ததாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள். சரளா பையைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, சாப்ட்வேர் சிடியைப் போட உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவள் அடித்தாள். மூன்று தடவை கரண்ட் போயிற்று. யூபிஎஸ் தாங்கியது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று சுவரில் இருந்தது. பல்லி. திறந்து கிடக்கிற போர்டில் பல்லி விழுந்தால் பல்லியும் போகும் போர்டும் போகும். ஸ்பேரண்ணன் ஒற்றைச் செருப்போடு வந்து, விசிறி மட்டையை வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார். தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது, மதர்போர்டில் விழுந்தால் என்னவென்று போடவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். சோறு தின்னக்கூட எழுந்திருக்கவில்லை. நான்தான் தட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள் பிளாப்பி ஹெட்மாஸ்டர் கைக்குப் போய்விட்டது. சரளா ஊரிலேயே இருந்துவிட்டாள்.

அன்றைக்கே பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தார் ஸ்பேரண்ணன். "வேணாம் பெரிப்பா, தொறந்தே ஓடட்டும். மூடினா கடையில வாங்கினது மாதிரி ஆயிடும்" என்றாள் சரளா. மனிதருக்கு அவ்வளவு பெருமை, மூக்கைச் சிந்திக்கொண்டார். அந்தப் பெட்டியில் எங்கள் கோழி அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்தது.

பிறகு சரளா தாலுகா ஆபீஸுக்கு எதிரே சொந்தக் கடை போட்டாள். மாப்பிள்ளையும் உள்ளூரிலேயே அமைந்தான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் அடிக்கிறாள்.

ஸ்பேரண்ணனை அவர் மகன் வந்து பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பன்னிரண்டாவது மாடியாம். போகிற அன்றைக்கு நான் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று துரத்திவிட்டேன். பிறகு போன் நம்பரும் மாறிவிட்டது. பலமனேர் வழியாக அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, வீட்டுக்கு வந்த புதுப் பொருளை அக்கக்காகக் கழற்றி வைத்துக்கொண்டு மருமகளிடம் திட்டு வாங்குகிற பெரியவர் ஒருவரைப் பார்த்தால், எனக்காக ஒன்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கிலிருந்து இன்றைக்கு வரைக்கும் நான் ஒரு வேளைகூடத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று.