கல் மேலே போன நாள்

என் காது இரண்டும் நன்றாகக் கேட்கும். முருகன் புண்ணியத்தில், மழைச் சத்தத்துக்கு நடுவிலும் அடுத்த லயத்து வீட்டில் தேங்காய் துருவுவது எனக்குக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லைசன்ஸ் ஆபீசில் அன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் யாராவது இன்னும் என்னைச் செவிடன் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

கோளாறு காதில் இல்லை, வாயில். எதைப் பார்த்தாலும் 'ஏன்' என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. (பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருப்பேன். அங்கே மட்டும் கேட்கவில்லை.)

மகள் கீர்த்தனாவுக்கு அவிசாவளைப் பள்ளியில் ஏ.எல். வகுப்பு படிக்க இடம் கிடைத்தது. தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சந்திக்குப் பஸ் வந்து, அவள் போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். தினமும் வகுப்புக்கு வெளியே நிற்கிறாள். மச்சான் தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டார். லைசன்ஸ் மட்டும்தான் இல்லை. அதற்கு முதலில் வீதிச் சட்டத்தில் எழுத்துப் பரீட்சை. பள்ளியில் புதுத் தவணை தொடங்குமுன் அதில் தேறிவிட வேண்டும்.

வண்டி ஓட்டப் பழக்குகிற லேனர்ஸ் மாஸ்டர் வீதி அடையாளப் புத்தகம் ஒன்று தந்தார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, சாமி விளக்கடியில் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கக் கேள்விதான் வந்தது. நிற்கச் சொல்லும் போர்டுக்கு மட்டும் ஏன் எட்டு மூலை? மாட்டுக்குப் போர்டு போட்டவர்கள் பன்றிக்கு ஏன் போடவில்லை? எங்கள் ரோட்டில் குறுக்கே ஓடுவது பன்றிதானே.

மாஸ்டர் பொறுத்துப் பார்த்தார். "அண்ணே, போர்டு சொல்றத நீங்க கேளுங்க. போர்டுகிட்ட நீங்க கேள்வி கேக்காதீங்க."

இதைக் கேள்விப்பட்ட என் மனைவி சரோஜா பயந்துவிட்டாள். "அங்க போயும் வாயத் தொறந்தீங்கன்னா பேப்பரப் பறிச்சுட்டு வெளிய அனுப்பிருவாங்க. முருகனுக்கு நேந்துக்குங்க. பரீட்சை முடியிற வரைக்கும் மௌன விரதம்."

எனக்கும் அது நல்லதாகவே பட்டது. சூடத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். பஸ்ஸில் சைகை காட்டியே டிக்கெட் எடுத்தேன். முனிவர் ஒருவர் இரண்டு பஸ் மாறிப் போகிற பெருமிதம் எனக்கு.

பரீட்சை மண்டபத்து வாசலில் அதிகாரி பெயர் கூப்பிட்டார். என் பெயருக்குக் கையைத் தூக்கினேன்.

"வாயால சொல்லுங்க," என்றார் சிங்களத்தில்.

வாயைப் பொத்தி, கயிற்றைக் காட்டி, வானத்தைக் காட்டினேன். (முருகன் என்று அர்த்தம். அவருக்கு என்ன விளங்கியதோ.)

"காது கேக்காதா?" என்று சத்தம் போட்டுக் கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினேன். அவர் முகம் இரக்கத்தில் கனிந்துவிட்டது.

"பாவம். மெடிக்கல்ல எப்படி விட்டாங்க இவர?"

நல்ல மனிதர். என் தோளைப் பிடித்து, சுவரில் இருந்த பெரிய அடையாளப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கு ஏதாவது தெரியுமா என்று பார்க்க, ஒவ்வொன்றிலும் விரல் வைத்தார். வளைவுக்கு உடம்பைச் சாய்த்தேன். மாட்டுக்கு இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்தேன். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டி ரசித்தார்கள். "புத்தியான ஆள். ஏதாவது வழி பண்ணலாம்," என்று சொல்லிக்கொண்டே அடுத்ததில் விரல் வைத்தார்.

அது கல் உருளும் இடம். எங்கள் பக்கம் மழைக்கு மண் சரிகிற வளைவிலெல்லாம் நிற்கிற போர்டு. ஆனால் கிழிந்துபோன அந்தத் துண்டை யாரோ திரும்ப ஒட்டியிருக்கிறார்கள், தலைகீழாக. கல் எல்லாம் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

முருகா, நான் பொறுத்துத்தான் பார்த்தேன். பல்லைக் கடித்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர்," என்றேன் சுத்தமான சிங்களத்தில், "கல்லு ஏன் மேல போகுது?"

அதிகாரி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாமி கண்ணத் தொறந்துட்டாரு," என்றது வரிசையில் ஒரு குரல்.

அதற்குப் பிறகு நான் விரதத்தைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். திறந்த வாயை மூட வரவில்லை. "செவிடன் மாதிரி நடிச்சிட்டு இப்ப கதை சொல்றீங்களா? வேற நாள் வாங்க," என்று அதே தோளைப் பிடித்தார். இந்த முறை வாசல் பக்கமாக.

வீட்டில் கீர்த்தனா சீருடையோடு காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "அப்ப புதுத் தவணையிலயும் வெளியதான் நிக்கணுமாப்பா?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

சரோஜாவுக்கு வேறு கவலை. "விரதம் முறிஞ்சு போச்சா?"

"சிங்களத்துலதானே பேசினேன். அது கணக்குல வராது."

"கதிர்காமத்துல குடியிருக்கிற முருகனுக்குச் சிங்களம் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அழப்போன பிள்ளை சிரித்துவிட்டாள்.

அடுத்த தடவை விரதம் ஒன்றும் வைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லி, உட்கார்ந்து எழுதி, தேறினேன். (படம் நேராக இருந்தது. நேராக்கியது யார் என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை.) பிறகு ஓட்டிக் காட்டி லைசன்சும் கைக்கு வந்தது. ஆடியில் கதிர்காமம் போய், இரண்டு பாஷையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது காலையில் கீர்த்தனா என் பின்னால் உட்கார்ந்து முதல் மணிக்கு முன்பே பள்ளிக்குப் போய்விடுகிறாள். வழியில் அந்தக் கல் போர்டு வந்ததும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தவறாமல் ஒரு குரல்.

"அப்பா, கல்லு ஏன் மேல போகுது?"

நான் காது கேட்காதவன் போல நேரே பார்த்து ஓட்டுகிறேன்.