கடல் தெரியும் வீட்டுக்காரர்

கடலோரத்தில் ஓர் ஆலையை மூடினால் அந்த இடத்தில் ஒரு ஜீவராசி முளைக்கும். கட்டடம் முளைக்குமோ முளைக்காதோ, இது முளைத்துவிடும். பெயர், கடல் தெரியும் வீட்டுக்காரர். எங்கள் துறைமுக ஊரான டெமாவில் பழைய மீன் டப்பா ஆலையை இடித்துத் தரைமட்டமாக்கி, அடுக்குமாடி வருகிறது என்று பலகை நட்டார்களோ இல்லையோ, ஒரு பட்டாளமே கிளம்பிவிட்டது. அதில் முதல் ஆள் என் பக்கத்து வீட்டு ஒக்போட்டி.

எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். ‘வரப்போகிற வீடு’ என்று மறந்தும் சொல்லமாட்டார், ‘நம்ம வீடு’தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, பசியோடு வீட்டுக்கு ஓடப் பார்க்கிற உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முள்ளும் துருப்பிடித்த தகரமும் கிடக்கிற பொட்டலில் நிறுத்தி, “செருப்பைக் கழட்டிடுங்க, உள்ள டைல்ஸ்” என்பார். நீங்களும் கழற்றுவீர்கள். வேறென்ன செய்வது? மழை பெய்தால் அந்த மண்ணிலிருந்து ஆலைக்காலத்து மத்தி வாடை கிளம்பும். மூக்கைப் பொத்தினீர்களோ, “அது கடல் காத்துங்க” என்று முறைப்பார். வந்த வழியே திரும்பினால், “அட, சுவரு வழியா போறீங்களே, வாசல் அந்தப் பக்கம்” என்பார்.

நமக்கென்ன, சிரித்துவிட்டுப் போய்விடலாம். அவர் மகள் லாமிலேக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் பெண் கேட்பவர்கள் ஜின் பாட்டிலோடு வந்து பெண் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், தட்டாமல் கல்யாணப் பேச்சே கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையன் ஒருவன் மூன்று வருஷமாகத் தட்டத் தயாராக நிற்கிறான். அப்பாவோ, “வாடகை வீட்டுக் கதவையா தட்டுறது? நம்ம வீடு முடியட்டும்” என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் பையன் வீட்டில் பொறுமை போய், இந்தச் சனிக்கிழமை தட்டுகிறோம், இல்லாவிட்டால் வேறு கதவு பார்க்கிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? மரக்கடையில் ஒரு கதவை நிலையோடு வாங்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, பொட்டலுக்கு நடுவே நட்டு, விழாமல் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, உள்பக்கம் எங்களையெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைத்துவிட்டார். உள்பக்கம் எது என்று கேட்காதீர்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம்.

“மானம் போகுதுப்பா,” என்றாள் லாமிலே.

“ஹால்ல உக்காந்துக்கிட்டு சத்தம் போடாதம்மா, விருந்தாளிங்க வர்ற நேரம்.”

பையனின் மாமா எஷுன், தோளில் கென்டே துணி புரள, பையனையும் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். கதவைப் பார்த்தார். கதவைத் தாண்டித் தெரிந்த எங்களைப் பார்த்தார். போச்சு, இப்படியே திரும்பிவிடுவார் என்று நினைத்தேன்.

“உங்களுது எத்தனாவது மாடி?” என்று கேட்டார்.

“நாலாவது,” என்றார் ஒக்போட்டி.

“அப்ப இது உங்க கதவில்லையே சம்பந்தி. நாலாவது மாடிக் கதவைத் தரையில நின்னு எப்படித் தட்டுறது?” என்று அண்ணாந்து பார்த்தார் எஷுன். “எனக்குத் தெரியாதா? அஞ்சாவது மாடி என்னுது.”

அப்புறம் கேட்க வேண்டுமா? இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, வானத்தைக் காட்டிக் காட்டிப் பேசி, இவருடைய படுக்கையறைக்கு நேர் மேலே அவருடைய குளியலறை வருகிறது என்று கண்டுபிடித்து, தண்ணீர் ஒழுகினால் யார் பொறுப்பு என்று ஆரம்பித்துவிட்டார்கள். “ஒழுகவிடுற குடும்பத்துல பொண்ணு குடுக்கமாட்டேன்” என்றார் இவர். “கீழ்வீட்டுக்காரன் பொண்ணு எங்களுக்கெதுக்கு” என்றார் அவர். கட்டாத குளியலறையால் கல்யாணம் நின்றது. விருந்துக்கு வைத்திருந்த கெங்கே என்கிற சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் ஆறிக்கொண்டிருந்தன.

லாமிலே எழுந்தாள். கதவைத் திறக்கக்கூட இல்லை, பக்கத்தில் சுற்றிக்கொண்டு போய்ப் பையன் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள். வழக்கப்படி, “வாங்கிக்கட்டுமா?” என்று அப்பா மூன்று தரம் கேட்க வேண்டும், பெண் மூன்று தரம் சரி சொல்ல வேண்டும். அப்பாவுக்குத்தான் ஐந்தாவது மாடியில் வேலையிருந்ததே. “சரி, சரி, சரி” என்று தானே சொல்லி, பாட்டிலை அம்மா மடியில் வைத்துவிட்டுப் பையனோடு சாப்பிட உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். பெரியவர்கள் இருவரும் குழாயின் அகலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். இருந்தாலும், “வீடு முடியட்டும்” என்று நீங்கள் உட்காரவைத்த ஆள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.