சார்ஜென்ட் லம்மை யார் கூப்பிடுவது?

ஹெப்பிள்டன்,
திங்கட்கிழமை, மழை.

மதிப்பும் அன்பும் நிறைந்த டோரீன் அக்காவுக்கு,

தம்பி டெரெக் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பவுலினும் மகள் லியானும் நலம். அங்கு நீயும் அத்தானும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் முழங்கால் வலியைப் பற்றி மறக்காமல் விசாரிக்கும்படி பவுலின் சொன்னாள், விசாரித்துவிட்டேன். நாங்கள் நலம் என்று மேலே எழுதியது கடித மரியாதைக்காக. அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன கடிதத்தில், கடல் தாண்டி உங்கள் நாட்டு டிவியில்கூட எங்கள் ஊர்ப் பெயர் அடிபடுகிறது, தேசிய விசாரணை வரப்போகிறதாமே, லியானுக்கு இனி நியாயம் கிடைத்துவிடும் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதைப் பவுலினுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள், ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரங்களை. ஆகவே நடந்ததை உனக்கு முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இங்கே வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் முதலிலிருந்தே சொல்லிச் சொல்லி எனக்கு நடுவிலிருந்து தொடங்க வராமல் போய்விட்டது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், லியானுக்குப் பதிமூன்று வயதில் இந்த ஊரில் ஒரு கும்பல் சின்னப் பெண்களைப் பிடித்துச் சீரழித்தது. அவளும் அதில் மாட்டினாள். ஒரு நாள் எப்படியோ தப்பித்து, பெற்ற எங்களிடம்கூட வராமல், நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஆபத்து என்றால் போலீஸிடம் போகணும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், பாவம், நம்பிவிட்டாள். அங்கே மேசையில் உட்கார்ந்திருந்த சார்ஜென்ட் லம் அவளை நிமிர்ந்து பார்த்து, "என்ன கண்ணு, பாய்ஃப்ரெண்டோட சண்டையா? போய்ச் சமாதானம் பண்ணிக்கோ" என்று அனுப்பிவைத்தார். அந்த 'பாய்ஃப்ரெண்டு'க்கு முப்பத்தாறு வயது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அந்த நாய்கள் ரொம்பக் காலம் கழித்து ஜெயிலுக்குப் போனதும், சிலது திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும். ஆனால் லியானுக்கு அவன்களிடம் கேட்க ஒன்றுமில்லை. லம்மிடம்தான் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: எனக்கு எத்தனை வயசுன்னு நெனச்சு அப்படிச் சொன்னீங்க? வேறு எதுவும் வேண்டாமாம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதுமாம்.

அப்படியானால் போய்க் கேட்க வேண்டியதுதானே என்பாய். நீ அந்த நாட்டுக்குப் போய் ரொம்ப வருஷமாச்சு அக்கா, அங்கே மூஞ்சிக்கு நேரா கேட்டுவிடுவார்கள். இங்கே அந்த வழக்கம் கிடையாது. லம் ரிட்டையர் ஆகி, புல்தரையில் பந்து உருட்டுகிற கிளப்புக்குத் தலைவராகி, வெள்ளைப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக ஊருக்குள்ளேயேதான் இருக்கிறார். சனிக்கிழமை கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னாலோ பின்னாலோ நிற்பார். "மழை வரும்போல இருக்கே டெரெக்" என்பார். "ஆமா, வரும்போலதான் இருக்கு" என்பேன். என் பொண்ணை நாசமாக்கின வார்த்தையைச் சொன்ன வாயோடு நான் இத்தனை வருஷமாக மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். போதாததற்கு நகராட்சி வக்கீல் வேறு வீட்டுக்கு வந்து, சம்பந்தப்பட்ட யாரையும் நீங்களாகப் போய்ப் பார்க்கக் கூடாது, பார்த்தால் விசாரணை கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டார். எந்த விசாரணை என்று பவுலின் கேட்டாள். வரப்போகிற விசாரணை என்றார். முதலில் ஊர் அளவில் ஒன்று நடந்ததே, அதில் ஏன் லம்மைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அந்த விசாரணைக்கு யாரையும் கட்டாயப்படுத்திக் கூப்பிடும் அதிகாரம் இல்லையாம், அதனால் கூப்பிடவே இல்லையாம். தேசிய விசாரணைக்குத்தான் அந்த அதிகாரம் உண்டாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அக்கா எங்களுக்கு, தேசியம் தேசியம் என்று.

அப்புறம் எங்கள் எம்.பி. கில்லியன் ஹாப்வுட் அம்மா வந்தார், ஆளுங்கட்சி. சோபாவில் உட்கார்ந்து, பவுலின் கொடுத்த இஞ்சிக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, தேசிய விசாரணை என்றால் வருஷக்கணக்காக இழுக்கும், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், ஊர் விசாரணையே போதும் என்றார். போய் பார்லிமென்ட்டில் அதற்கு எதிராக ஓட்டும் போட்டார். கொஞ்ச நாளில் பிரதமர் மனசு மாறிவிட்டது, தேசிய விசாரணை உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். அந்த அம்மா திரும்பவும் வந்தார். அதே சோபா, அதே கேக்கு. நான் ஆரம்பத்திலிருந்தே தேசிய விசாரணைக்காகத்தான் போராடினேன் என்கிறார், கண் கலங்குகிறது. போன தடவை வேற சொன்னீங்களே என்று பவுலின் கேட்டதற்கு, இல்லையே, அன்னைக்கும் என் மனசுல இதுதான் இருந்துச்சு, ஓட்டுதான் மாறிப் போயிடுச்சு என்றார். நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன். மனசில் வலது பக்கம் திரும்பிக்கொண்டு இடது பக்கம் வண்டியைத் திருப்பியிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

எதிர்க்கட்சிக்காரர் மட்டும் சளைத்தவரா என்ன. ரூபர்ட் வேல் என்று ஒருத்தர் லண்டனிலிருந்து வந்தார். அவர் கட்சி ஆட்சியில் இருந்தபோது, அவரே மந்திரியாக இருந்தபோது, நான் போட்ட கடிதத்துக்கு ஒரு வரி பதில் வரலை. இப்போ ஆட்சி போனதும் எங்க மேல பாசம் பொத்துக்கிட்டு வருது. டவுன் ஹால் வாசல்ல, கொட்டற மழையில, லியான் தோளுக்குப் பக்கத்துல நின்னுகிட்டு டிவிக்குப் பேசறார். இந்தத் தைரியமான பெண் லினெட்டுக்காக ஓயமாட்டேன்கிறார். லியான்னு நான் திருத்தினேன். ஆமா, லினெட்னு தலையாட்டினார். கேமராக்காரன் வேற அவகிட்ட, கொஞ்சம் சோகமா பாருங்கன்னு கேக்கறான். நான் சோகமாத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், என் மூஞ்சி இப்படித்தான்னு இவ சொன்னா. அப்புறம் அரசாங்கம் விசாரணைக்கு ஒத்துக்கிட்ட அன்னைக்கு அந்த மனுஷன் டிவியில வந்தாரே, நீ பாத்திருக்கணும். கேட்டது கிடைச்சவன் மூஞ்சியா அது? கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மூஞ்சி. இது சரியான தேசிய விசாரணை இல்லை, எங்களுக்கு வேண்டியது வேற தேசிய விசாரணைன்னு மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சுட்டார்.

சரி, மக்கள் கருத்துக் கேக்கறோம்னு டவுன் ஹால்ல கூட்டம் போட்டாங்க. வாசல்லயே சட்டையில ஒட்டிக்கச் சீட்டு கொடுத்தாங்க. லியானுக்கு 'பாதிக்கப்பட்டவர்'னு ஒரு சீட்டு. உடனே ஒரு அம்மா ஓடிவந்து, அது தப்பு, 'மீண்டவர்'னுதான் போடணும்னு அதைப் பிய்க்கிறாங்க. இன்னொருத்தர், மீண்டாச்சுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்னு சண்டைக்கு வர்றார். முக்கால்வாசி கூட்டம் அதுலயே போச்சு, கடைசியில ஓட்டெடுப்பு வேற. ரெண்டும் ஒட்டின சட்டையோட இவ நடுவுல உக்காந்திருக்கா. அதுக்கப்புறம் ஒருத்தன் எழுந்து, அவனுங்க எந்த நாட்டுக்காரனுங்க, எந்த மதம், அதை முதல்ல சொல்லுங்கன்னு கத்தறான். இன்னொருத்தர் எழுந்து, தயவுசெய்து அதை மட்டும் பேசாதீங்க, ஊர் ரெண்டாயிடும்னு கெஞ்சறார். அவனுக்கு அது மட்டும்தான் வேணும், இவருக்கு அது மட்டும்தான் வேண்டாம். நடந்தது என்னன்னு ரெண்டு பேருக்குமே வேண்டாம். மேடையில விசாரணை, கீழ விசாரணை, வாசல்ல பிடிச்ச பலகையில விசாரணை. இத்தனை பேர்ல ஒருத்தராவது, நீ எப்படிம்மா இருக்கேன்னு அவளை விசாரிச்சாங்களா? உன் முழங்காலுக்குக் கிடைச்ச விசாரிப்புகூட என் பொண்ணுக்குக் கிடைக்கலை.

இப்போ விசாரணைக்குத் தலைவர் கிடைக்கலை. முதல்ல ஒரு பழைய போலீஸ் அதிகாரியைப் போட்டாங்க, போலீஸ் மேல விசாரணைக்குப் போலீஸே தலைவரான்னு எல்லாரும் கத்தினதும் அவர் விலகிட்டார். அடுத்து குழந்தைகள் நலத்துறையில இருந்த ஒரு அம்மா. அந்தத் துறைதானே கண்ணை மூடிக்கிட்டு இருந்ததுன்னாங்க, அவங்களும் போயாச்சு. நீதிபதியைப் போடலாமேன்னா, கோர்ட்டு மட்டும் யோக்கியமான்னு கேள்வி வருது. வாஸ்தவமான கேள்விதான். இதுல சம்பந்தப்படாத பெரிய மனுஷன் ஒருத்தர் வேணும்னா உங்க நாட்டுலேர்ந்துதான் கப்பல்ல வரவழைக்கணும். அத்தான் இப்போ சும்மாத்தானே இருக்கார், கேட்டுப் பாரு. ஆட்டுக்கு மயிர் கத்தரிச்சவர்னா என்ன, எங்க ஊர்ல யாரையும் தெரியாது, அந்த ஒரு தகுதியே போதும். இந்த லட்சணத்தைப் பாத்துட்டு, விசாரணைக்கு யோசனை சொல்லப் போட்ட பாதிக்கப்பட்டவங்க குழுவுலேர்ந்து பொண்ணுங்களே ஒவ்வொண்ணா விலகறாங்க. விலகினவங்க பொய் சொல்றாங்கன்னு ஆளுங்கட்சி, மிச்சம் இருக்கறவங்க விலைபோயிட்டாங்கன்னு எதிர்க்கட்சி. அப்பவும் அந்தப் பொண்ணுங்களைத்தான் திட்டறாங்க, கவனிச்சியா.

ஆகையால் அக்கா, நாங்கள் கையைக் கழுவிவிட்டோம். லியானும் அந்தக் குழுவிலிருந்து விலகுவதாகப் போன வாரம் சொல்லிவிட்டாள். அவள் எதுவும் பேசப் போவதில்லை, நாங்கள் யாருக்கும் கேக் கொடுக்கப் போவதில்லை. லம் ஒரு நாளும் வாயைத் திறக்கமாட்டார். சட்டம் இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தினால் ஒழிய அந்த மாதிரி ஆள் பேசவே மாட்டான், நான் எழுதித் தருகிறேன். அந்தச் சட்டத்துக்கோ கை கால் முளைக்கவில்லை. வெள்ளைப் பேன்ட்டோடு பந்து உருட்டிக்கொண்டே அவர் நிம்மதியாகப் போய்ச் சேருவார். ஊரே திரண்டு நல்ல மனுஷன் என்று சொல்லும். நானும் வரிசையில் நின்று, மழை வரும்போல இருக்கிறது என்பேன். இதுதான் நடக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். வெயிலில் தொப்பி இல்லாமல் வெளியே போக வேண்டாம் என்று பவுலின் சொல்லச் சொன்னாள். கடவுள் உங்களை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். எங்களை வைத்திருக்கிற மாதிரி வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
டெரெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போற நேரத்துல லியான் உள்ளே வந்தா. ரொட்டி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனவ, கையில ரொட்டி இல்லை. எங்கேடி போனேன்னு பவுலின் கேட்டா. லம் வீட்டுக்குப் போனேன்னா. கதவைத் தட்டினாளாம், அவரே திறந்தாராம், இவ யாருன்னு அவருக்கு உடனே தெரிஞ்சுதாம். உள்ளே கூப்பிட்டு உக்காரவச்சு டீ போட்டுக் கொடுத்தாராம். இவ கேட்டுட்டா. எனக்கு எத்தனை வயசுன்னு நெனச்சீங்க? அவர் கொஞ்சம்கூட யோசிக்கலையாம்.

"பதிமூணு. பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தியே கண்ணு. ஸ்டேஷன்ல எங்க எல்லாருக்குமே தெரியும்."

இத்தனை வருஷமா ஏன் சொல்லலைன்னு கேட்டிருக்கா. யாருமே கேக்கலையேன்னு சொன்னாராம். பார்லிமென்ட்டு, ஓட்டு, அதிகாரம், ரெண்டு தலைவர், எல்லாம் அந்த ஆளை இழுத்துட்டு வரத்தான் அக்கா. அவர் ரெண்டு கோப்பை டீ போடற தூரத்துலதான் இருந்திருக்கார். நானும் அவர்கிட்ட மழையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தேன்.

லியான் அழலை. போட்டிருந்த கோட்டுகூடக் கழட்டாம நாற்காலியில உக்காந்து, "இதை விசாரணையில வந்து சொல்வீங்களான்னு கேட்டேம்ப்பா. கூப்பிட்டா வர்றேன்னு சொன்னார். அப்போ நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். யார்கிட்டப்பா சொல்லணும், அவரைக் கூப்பிடச் சொல்லி?"ன்னு கேட்டா.

அதுதான் அக்கா தெரியலை. விசாரணை ஆபீஸ்ல எந்த நம்பருக்குப் போன் போட்டாலும் மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. அவருக்கு எண்பத்திரண்டு வயசு.