மாப்பிள்ளை வெட்டிய ஓடாத வாய்க்கால்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் மகன் இங்கே அல்லவா இருக்கிறார், அங்கே சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல். இங்கு என் மனைவி நலம், என் மகள் நலம், மாப்பிள்ளை மிக மிக நலம், அவர் வளர்க்கும் மண்புழுக்களும் நலம். நான் ஒருவன்தான் பாக்கி.

பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆபீஸ் வேலையை உதறிவிட்டு இந்தத் தீவுக்கு வந்து, "மாமா, வீட்டுக்குப் பின்னால சும்மா கிடக்கிற இடத்துல மண்ணை உருவாக்கப் போறேன்" என்றபோது, மண்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். "இது மண் இல்ல மாமா, வெறும் மணல். இதுல உயிரே இல்ல" என்றார். அப்படியானால் இத்தனை வருஷமாக ஒரு பிணத்தின் மேல் குடியிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எதையும் எறிய முடியாது, எதையும் எரிக்க முடியாது. காலையில் இலைகளைக் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிட்டு அந்தப் புகையில் நின்று காபி குடிப்பது ஒன்றுதான் எனக்கு இருந்த சுகம், அதிலும் கைவைத்தாயிற்று. நாங்கள் எரிக்காதது போதாதென்று மாப்பிள்ளை தெருவெல்லாம் போய் அடுத்தவன் வீட்டு இலையையும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார். அடுத்த வீட்டுத் தையல்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது கஷ்டமா, சொல்லுங்க" என்று கேட்டார். மண்ணை வெயிலில் திறந்து போடக் கூடாதாம், போர்த்த வேண்டுமாம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போர்த்தினார், பேப்பரையெல்லாம் விரித்தார், அதுவும் போதாமல் நான் பெட்டியில் மடித்து வைத்திருந்த காக்கி யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு போய், "சுத்தமான காட்டன் மாமா, சீக்கிரம் மக்கிடும்" என்றார். சர்வீஸ் முழுக்க நான் போட்ட சட்டை இப்போது பப்பாளி மரத்தடியில் குப்புறப் படுத்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு நானே கீழே விழுந்து கிடப்பதுபோல் பகீரென்கிறது.

என் மனைவியாவது என் பக்கம் இருப்பாள் என்றால், அவள் என்றைக்கோ கட்சி மாறிவிட்டாள். உருளைக்கிழங்கை இப்போதெல்லாம் தோல் கனமாகத்தான் சீவுகிறாள், ஏனென்றால் தோல் புழுவுக்கு, மிச்சம்தான் எனக்கு. "என்னங்க, அந்தப் பழத்தைச் சீக்கிரம் சாப்பிட்டு முடிங்க, தோல் வேணும்" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். புழுவுக்கு இவ்வளவு உபசாரமா என்று கேட்டுத் தொலைத்தேன். "அதுங்க உப்பு ஜாஸ்தி, காரம் கம்மின்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கா?" என்றாள். மண்ணுக்கு உரமாகப் போடத் துறைமுகத்திலிருந்து மீன் தலைகளை ஏற்றிவரும் வேலை எனக்கு. என் ஸ்கூட்டர் எங்கே நின்றாலும் தீவிலுள்ள பூனையெல்லாம் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்கின்றன. வேலை பார்த்த காலத்தில்கூட எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் சம்பந்தி. வாய்க்கால் விஷயம்தான் தாங்க முடியவில்லை. நான் வடிகால் மேஸ்திரியாக இருந்தவன். மழைத் தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும், என் உத்தியோகமே அதுதான். இவரோ சரிவுக்குக் குறுக்கே நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார், அதற்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. தண்ணி எங்கே போகும் மாப்பிள்ளை என்று கேட்டால், "எங்கயும் போகாது மாமா, அங்கேயே நின்னு உள்ள இறங்கும்" என்கிறார். ஓடாத வாய்க்காலை நான் என் ஜென்மத்தில் கேள்விப்பட்டதில்லை. மழைக்காலம் வந்துவிட்டது. தண்ணீர் தேங்கிச் சுவர் விரிசல் விட்டால் நாலு பேரும் எங்கே போய்ப் படுப்பது? பார்த்தேன், இன்று விடியும் முன்பே எழுந்துபோய் மண்வெட்டியால் கடல் பக்கமாக ஒரு வழி திறந்துவிட்டு, மேலே தென்னை மட்டையைப் போட்டு மறைத்துவிட்டேன். என்ன அருமையான சரிவு தெரியுமா, கை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து தங்களுக்கு நெஞ்சுவலி வர வேண்டும். பெரிதாக வேண்டாம், மகனை உடனே பார்க்க வேண்டும்போல இருக்கிற அளவுக்கு வந்தால் போதும். மாப்பிள்ளை அலறியடித்துக்கொண்டு ஓடி வருவார், தாங்கள் அவரை அங்கேயே ஒரு நல்ல வேலையில் சேர்த்துவிடுங்கள். மகளை விட்டுப் பிரிவது எனக்குக் கஷ்டம்தான். அதற்குள் நான் இங்கே எல்லாவற்றையும் நிரவிச் சமமாக்கிவிடுகிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள். தங்களுக்கு நெஞ்சுவலி நல்லபடியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, தபால் படகும் வரவில்லை. என் வழி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் குடையோடு போனேன். அபாரம். என் சர்வீஸில் எந்த வடிகாலும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆனால் ஓடியது தண்ணீர் மட்டுமல்ல. கன்னங்கரேலென்று மண், கையில் அள்ளினால் மெத்தென்று இருக்கிறது, இந்தத் தீவில் நான் அப்படி ஒரு மண்ணைப் பார்த்ததே கிடையாது. அது பாட்டுக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே என் காக்கிச் சட்டையின் கை ஒன்று எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தின்ற பழத்தின் தோல், நான் சுமந்த மீன் தலை, நாறியது நான், இதைத் தூக்கிக் கடலுக்குக் கொடுப்பதா? அடைக்க வேறு எதுவும் அகப்படாததால் நானே போய் வழியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை ஓடிவந்து பார்த்தவர், "மாமா! கரை உடைஞ்சிடுச்சா? நீங்க மட்டும் பார்க்கலன்னா மொத்தமும் போயிருக்குமே மாமா" என்று சேற்றோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மகளும் அழுதாள். என் மனைவி மட்டும் மூலையில் சாய்ந்திருந்த மண்வெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா?" என்றதோடு உள்ளே போய்விட்டாள். சுவரில் ஒரு விரிசலும் இல்லை. இனிமேல் வாய்க்கால் கரைக்கு நான்தான் காவல் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

எனவே தங்களுக்கு நெஞ்சுவலி வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வேறு கடிதம் எழுதலாம் என்றால் வீட்டிலிருந்த காகிதமெல்லாம் மண்ணுக்குப் போர்த்தியாகிவிட்டது. அதனால் இதையே அனுப்புகிறேன். அந்த வழியை யார் வெட்டியது என்பது நம் இருவரோடு இருக்கட்டும். படித்ததும் துண்டு துண்டாகக் கிழித்து, நனைத்து, ஏதாவது ஒரு செடியின் அடியில் போட்டுவிடுங்கள். எரித்துவிட வேண்டாம், மண்ணுக்கு ஆக வேண்டியது வீணாகிவிடும்.