தூரம் பத்தாத விமானம்

பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டும் ஆளுக்கொரு விமான நிலையம் கேட்டுப் போராடின. அரசும் பெருந்தன்மையோடு இரண்டையும் கட்டிக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் ஒரு சின்ன விஷயம் தெரியவந்தது. இங்கே கிளம்பிய விமானம் மேலே ஏறி நிமிர்வதற்குள் அந்த ஊர் வந்துவிடுகிறது. மொத்தமே பத்து நிமிஷம்.

நிலைய மேலாளருக்கு அதில் பெருமைதான். தலைமையகத்து அதிகாரி வந்து அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டார்.

“இது பயணமே இல்லீங்க. விதிப்படி ஒரு மணி நேரமாவது பறக்கணும். இல்லேன்னா சேவை ரத்து. உங்களையும் எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்க.”

“ஊர் பக்கத்துல இருக்கே சார்! நான் என்ன பண்ண?”

“பக்கத்துல இருக்கறது ஊரோட தப்பு. தூரம் பத்தாதது நிர்வாகத் தப்பு.”

மேலாளரின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. இந்த நேரத்தில் மாற்றலா? அவர் விமானியைக் கூப்பிட்டார்.

“முதல்ல எதிர்த்திசையில போங்க. மலை வந்ததும், எதையோ மறந்துட்டு வந்தவர் மாதிரி திரும்புங்க. அப்புறம் அந்த ஊரைச் சுத்திக்கிட்டே இருங்க.”

‘பொதுமக்கள் நலன் கருதித் தூரம் உயர்த்தப்பட்டுள்ளது’ என்று அறிவிப்பும் ஒட்டியாயிற்று.

ஒருநாள் காலை, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. மாமியார் ஓடிப்போய் பஸ் பிடித்தார். மேலாளரால் அப்படி முடியுமா? அவரே பஸ்ஸில் போனால் நிலையத்தின் மானம் என்னாவது? விமானத்தில் ஏறினார்.

அது மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, மாமியார் போன பஸ் கீழே பக்கத்து ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. முதல் சுற்றில் ஆஸ்பத்திரி மொட்டைமாடி தெரிந்தது. இரண்டாவது சுற்றிலும் அதே மாடிதான். மேலாளர் எழுந்து விமானியிடம் ஓடினார்.

“இறக்கிடுங்களேன், புண்ணியமாப் போகும்!”

“இன்னும் நேரம் ஆகலையே சார். உத்தரவுல உங்க கையெழுத்துதான் இருக்கு” என்றார் விமானி, வருத்தத்தோடு.

வியர்க்க விறுவிறுக்க அவர் போய்ச் சேர்ந்தபோது, பெண்குழந்தை பிறந்து மாமியார் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு நேரம் எங்க போய்த் தொலைஞ்சீங்க?” என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது.

“விமானத்துல வந்தேன்மா. ஒண்ணேகால் மணி நேரம்...”

“அடேயப்பா, அவ்வளவு தூரத்துலேருந்தா!” என்று நர்ஸ் வாயில் கைவைத்தார். பக்கத்துக் கட்டில்காரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க வீட்டுக்காரர் எப்பவும் விமானத்துலதான்” என்றாள். மேலாளரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“நீங்க எப்படிம்மா வந்தீங்க?” என்று நர்ஸ் கேட்டதும் மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது.

“பஸ்லதான். அரை மணி நேரத்துல வந்துட்டேன்” என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் போல.

பிறகு மேலாளரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“மாப்பிள்ளை, வீட்டுக்குத் திரும்ப எனக்கும் விமானத்துலயே டிக்கெட் போடுங்க. ஆனா ஒண்ணேகால் மணி நேரமெல்லாம் வேண்டாம். நாலு பேர்கிட்ட சொல்லிக்க வேண்டாமா? மூணு மணி நேரமாவது போறதாப் பாருங்க.”

மேலாளர் எழுதி அனுப்ப, அடுத்த வாரமே தலைமையகம் அதை, ‘பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கை’ என்று ஏற்றுக்கொண்டது.