ஹோர்ன் அடிக்காத ராச்சியத்தார்

கொழும்பு நகரத்திலேயே ஹோர்ன் அடிக்காத ஒரே ஓட்டோ கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. அதை ஓட்டுபவரின் சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ராச்சியத்தார்.

எதைக் கேட்டாலும் “எங்கட ராச்சியம் வேற” என்பார். அந்த ராச்சியம் மனிதருடைய மனதுக்குள் இருக்கிறதாம். அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லையாம். ஞாயிறு பூசையில் கேட்டதை மற்ற ஆறு நாளும் ரோட்டில் செய்து பார்ப்பவர் அவர். அந்தச் சோதனையின்போது பின் சீட்டில் இருந்தவன் நான்.

எனக்குப் பம்பலப்பிட்டியில் வேலை. தினமும் அவருடைய ஓட்டோவில்தான் போவேன். முதல் நாளே பாதையை மறித்துக்கொண்டு ஓர் இளநீர் வண்டி நின்றது.

“அண்ணை, ஒருக்கா ஹோர்ன் அடியுங்கோவன்.”

“நான் அடிக்கிறேல்லை, சேர்.”

“ஆளை அடிக்கச் சொல்லேல்லையே. ஹோர்னைத்தானே?”

“அடி அடிதானே.”

இறங்கிப் போனார். இளநீர்க்காரரிடம் பிள்ளைகளின் சுகம் விசாரித்தார். வண்டியைத் தள்ளிக் கொடுத்தார். நான் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் பதினொரு மணித் தேநீரில் இருந்தார்கள்.

ஓட்டோவுக்குள் வந்து கடிக்கும் நுளம்பை மட்டும் அடிப்பார். காரணம் கேட்டேன். “அயலவனை நேசிக்கச் சொல்லியிருக்கு. இது அயலவன் இல்லை, சேர். உள்ளுக்கே வந்திட்டுது.”

தேர்தல் வந்தபோது ஒரு கட்சிக்காரர் அவருடைய ஓட்டோவில் கொடி கட்ட வந்தார். “எங்கட ராச்சியத்தில எலெக்சன் இல்லை, தம்பி. ராசாவுக்குத் தவணை முடியிறேல்லை” என்றார் ராச்சியத்தார். வந்தவர் வெகுநேரம் யோசித்தார். இது எதிர்க்கட்சியின் புதுக் கோஷமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, ஆமர் வீதிச் சந்தியில் அடி விழும்வரை.

ஒரு கன்னியாஸ்திரி ரோட்டைக் கடப்பதற்காக ராச்சியத்தார் ஓட்டோவை நிறுத்தினார். பின்னால் வந்த வேன் உரசி, எங்கள் பக்கக் கண்ணாடி கழன்று விழுந்தது. வேன்காரர் இறங்கி வந்து, ஏன் நிறுத்தினாய் என்று சிங்களத்தில் கத்தியபடி ராச்சியத்தாரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

ராச்சியத்தார் ஓட்டோவிலிருந்து இறங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். அவர் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்: “மற்றப் பக்கமும் அடிக்கிறதெண்டா அடியுங்கோ. கண்ணாடி உடைஞ்சா மட்டும் எனக்கு ஓட்டோ ஓட்ட ஏலாது.”

வேன்காரரின் கை பாதியில் நின்றுவிட்டது. அதற்குள் சந்தியிலிருந்த ஓட்டோக்காரர் ஏழெட்டுப் பேர் ஓடி வந்து அவரைச் சூழ்ந்தார்கள். ராச்சியத்தார் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வேன்காரருக்கு முன்னால் போய் நின்றார். தன்னை அறைந்தவருக்கே மறைப்பு. முதுகில் நாலைந்து குத்து விழுந்தும் விலகவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு குடை உயர்ந்தது. அதன் மறுமுனையைப் பிடித்திருந்தது நான்தான்.

ராச்சியத்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சேர், மழை இல்லையே.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டோக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வேன்காரர் குனிந்து, கழன்று கிடந்த பக்கக் கண்ணாடியை எடுத்து, ராச்சியத்தாரிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

மறுபடி புறப்பட்டோம். திரும்ப வேண்டிய சந்தியை ராச்சியத்தார் தவறவிட்டு நேரே போனார்.

“பயமோ, அண்ணை? கோபமோ?”

“ரெண்டும்தான், சேர்” என்றார். சிறிது தூரம் போனபின், “கோபம் கொஞ்சம் கூட” என்றார்.

ஐம்பத்திரண்டு வயதுவரை நான் எவருக்காகவும் கை ஓங்கியதில்லை. அந்த மனுசனுக்காக ஒருமுறை ஓங்கினேன். அதையும் அவர் அடிக்க விடவில்லை.